இரண்டு பட்டை, ஒரே துடிப்பு

காலை பத்தரைக்கு இடுப்பின் இடது பக்கம் வலி தொடங்கிவிடும். பதினான்கு வயதிலிருந்து இருபது வயதுவரை தலையில் உப்புப் பெட்டி சுமந்ததற்கு இசக்கித்தாயின் உடம்பு போட்டுக்கொண்ட முத்திரை அது. இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது. குளிரூட்டிய அறையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கணினி நிரல் எழுதுகிறாள். இருந்தும் அந்த வலி ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. ஒரு துண்டைச் சுருட்டி முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்துகொண்டு, எதிர் மேசையில் ரெக்ஸ்லின் யாரோடோ போனில் சிரித்துப் பேசுவதைப் பார்த்தாள். அவனுக்கு எங்கேயும் வலிக்கவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

தூத்துக்குடியில் அந்த வருடங்களில் வெயில், ஆளை வெறுமனே களைப்பாக்குவதோடு நிற்கவில்லை. மாசியிலேயே ஆட்கள் விழத் தொடங்கினார்கள். அதனால் சட்டம் வந்தது. உப்பளத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. பட்டை நாடித்துடிப்பை எண்ணும். அவரவர் எடை, வயது, சுமக்கிற உப்பு, அன்றைய காற்றின் ஈரம் எல்லாவற்றையும் வைத்து, இன்றைக்கு இந்த உடம்பு வெயிலில் எத்தனை நிமிடம் தாங்கும் என்று உப்புத் தொழிலாளர் வாரியத்தின் கணினி சொல்லும். அதற்கு வெயில் பங்கு என்று பெயர். பங்கு முடிந்தால் பட்டை அதிரும். ஆள் நிழலுக்குப் போக வேண்டும். மிஷினை இறக்கியிருக்கலாம்தான். உப்புத்தண்ணீரில் மிஷின் இரண்டு வருடத்தில் துருப்பிடித்துவிடுகிறது. பெண்கள் துருப்பிடிப்பதில்லை, தேய்வதோடு சரி.

வெயில் பங்கைக் கணக்கிடும் நிரல் இசக்கித்தாய் எழுதியது. பதினோராயிரம் பேரின் ஒன்பது வருடத் தரவு. எந்த உடம்பு எப்போது விழும் என்பதை அவள் எண்களிலிருந்து பிழிந்து எடுத்திருந்தாள். நிரல் வந்த பிறகு சாவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அதற்காக யாரும் அவளைத் தேடி வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாகாமல் வீட்டுக்குப் போனவளுக்குத் தான் சாகவில்லை என்பது எப்படித் தெரியும்?

ரெக்ஸ்லின் இரண்டு வருடம் முன்பு வந்தவன். அவளைவிட ஐந்து வயது இளையவன். அப்பா பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். மில்லர்புரத்தில் மாடி வீடு. அவன் எழுதியது மொத்தம் நாற்பது வரி. அவளுடைய நிரலுக்கு இடையிடையே சொருகிய அசர்ட் வரிகள். இது இப்படி இருந்தால்தான் மேலே கணக்குப் போடுவேன், இல்லையென்றால் இங்கேயே நின்றுவிடுவேன் என்று நிரல் முரண்டு பிடிக்கும் வரிகள். அவளும் தொடக்கத்தில் அப்படிச் சில எழுதித்தான் வைத்திருந்தாள். அவை நின்றால் ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் சொல்லும். ரெக்ஸ்லின் ஒவ்வொன்றுக்கும் வாசகம் எழுதினான். ஏன் நின்றேன், எதைப் பார்க்க வேண்டும், நீ என்ன செய்ய வேண்டும் என்று. அந்த வாசகத்தைக் கங்காணியின் போன் சத்தமாக வாசிக்கும்படியும் செய்தான்.

இசக்கித்தாய்க்கு யாரும் எதையும் விளக்கிச் சொன்னது கிடையாது. அளத்தில் கங்காணி ‘ஏட்டி’ என்பான். அவ்வளவுதான். அதிலேயே என்ன தப்பு என்று அவளாகப் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொண்டுதான் இவ்வளவு தூரம் வந்தாள்.

*

மாசி கடைசியில் மேற்பார்வைக்காக முள்ளக்காடு பக்கம் ஓர் அளத்துக்குப் போனாள். ரெக்ஸ்லின் வரவில்லை, அவனுக்குப் பல்வலி. எங்கேயாவது வலிக்கிறதே என்று அவள் நினைத்தாள்.

கங்காணி லிங்கதுரை புதிதாக வந்த ஒரு பெண்ணின் விவரத்தைப் போனில் ஏற்றிக்கொண்டிருந்தார். போன் பேசியது:

“நில்லுங்கள். எடை நானூறு கிலோ என்று இருக்கிறது. ஆள் எடை இருபத்தைந்துக்கும் நூற்றெண்பதுக்கும் நடுவில்தான் இருக்கும். புள்ளி விட்டுப்போயிருக்கலாம். நாற்பதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.”

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திச் சிரித்தார்கள்.

“நானூறு கிலோவா! ஏட்டி, ஒன்ன கிரேன் வச்சுல்லா தூக்கணும்!”

“மிஷினுக்கு என்ன மரியாத பாத்தியா. ‘கேட்டுப் பாருங்கள்’. லிங்கதொர அண்ணாச்சி, நீங்க என்னைக்காவது அப்படிக் கேட்டிருக்கீயளா?”

“வேலையப் பாருங்கட்டி” என்றார் லிங்கதுரை. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

வரப்பில் ஏறி வந்த இரண்டு பேர் இசக்கித்தாயின் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்தார்கள். ஒருத்தி சுடலைவடிவு, உயரமானவள். இன்னொருத்தி அவளுடைய ஜோடி மரியபுஷ்பம். அளத்தில் வேலை ஜோடிக்குத்தான். ஒருத்தி வாரினால் ஒருத்தி சுமப்பாள், பிறகு மாறிக்கொள்வார்கள். கூலியும் ஜோடிக்குத்தான். ஒருத்தி வராவிட்டால் மற்றவளை அன்றைக்கு வேலையிலேயே சேர்க்க மாட்டார்கள். அதனால் ஒருத்தி முடியாமல் படுத்தால் மற்றவள் அவளுடைய பட்டையையும் தன் கையில் கட்டிக்கொண்டு இரண்டு பேர் வேலையையும் இழுத்துப்போடுவது அங்கே எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

“வாரியத்து ஆளா மைனி நீங்க? அந்த ரெக்ஸ்லின் தம்பி வரலியா?” என்றாள் சுடலைவடிவு.

“வரல.”

“நல்ல பிள்ளை. போன வாரம் எங்க ரெண்டு பேரையும் பிடிச்சுக் குடுத்துட்டாரு. இவளுக்குக் காய்ச்சல். நான் ரெண்டு பட்டையும் கட்டியிருந்தேன். அண்ணாச்சி போனு கெடந்து கத்துது.” குரலை மாற்றிக்கொண்டு, போன் மாதிரியே ஒப்பித்தாள். “‘நில்லுங்கள். இரண்டு பட்டையிலும் ஒரே துடிப்பு. இரண்டு பேருக்கு ஒரே நெஞ்சு இருக்க முடியாது. ஒருத்தியே இரண்டையும் கட்டியிருக்கலாம். அவளை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். இன்னொருத்தி எங்கே என்று பிறகு கேளுங்கள்.’ பொறவு கேளுங்கன்னு சொல்லுது மைனி! மொதல்ல தண்ணி குடுக்கச் சொல்லுது!”

“ரெண்டு பேருக்கும் ஒரே நெஞ்சுன்னு இவ புருசனுக்குத் தெரிஞ்சா அருவாளத் தூக்கிட்டுல்லா வருவான்” என்றாள் மரியபுஷ்பம்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு சொல் விடாமல் சுடலைவடிவுக்கு மனப்பாடமாக இருந்தது.

“அந்த நிரல் எழுதினது நான்தான்” என்றாள் இசக்கித்தாய். சொல்லியிருக்கக் கூடாது. வாயை மீறி வந்துவிட்டது.

“அப்படியா மைனி? பேசுறது அந்தத் தம்பி எழுதினதுன்னு சொன்னாவளே.”

“பேசுறது அவன். கணக்கு நான்.”

“கணக்கு எங்களுக்கு எங்கத்த தெரியுது” என்றாள் சுடலைவடிவு. குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். “பேசுறதுதான கேக்கும்.”

திரும்பி வரும்போது ஜீப்பில் இசக்கித்தாய் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். இவள் ஆறு வருடம் இதே மாதிரி வரப்பில் கால் வெடித்து நடந்தவள். அவன் அளத்தை முதன்முதலில் பார்த்ததே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். இவர்கள் இவளுடைய ஆட்கள். இவளுடைய ஆட்களின் வாயில் அவனுடைய வார்த்தை.

*

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வெளியே டீக்கடையில் ரெக்ஸ்லினிடம் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தாள்.

“தம்பி, அந்த ரெண்டு பட்டை வாசகம் இருக்குல்லா. அத எடுத்துரு.”

“ஏங்கக்கா? தப்பா நிக்குதா?”

“நிக்கது சரியாத்தான் நிக்குது. பேச்சுதான். அந்தப் பொம்பளைங்க கூசுதாங்க.”

டீ கிளாஸை அவன் பலகையில் வைத்தான். “கூசுறாங்களா?”

“போன் சத்தமாப் பேசுது. லாரிக்காரன், லோடு ஏத்துறவன்னு நாலு ஆம்பளைக்கு முன்னால. ஒருத்தி ரெண்டு பட்டை கட்டியிருக்கான்னா என்ன அர்த்தம்? ஏமாத்துக்காரின்னுதான அர்த்தம்? ஒரே நெஞ்சு, கிஞ்சுன்னு கேலி வேற.”

“நான் அப்படி நெனச்சு எழுதலக்கா. யாரையும் திட்டிடக் கூடாதுன்னுதான் ‘பிறகு கேளுங்கள்’னு போட்டேன்.”

“நீ நெனைக்க மாட்ட. நீ சுமந்தவன் இல்ல.”

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அவன் முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. அவனோடு வாதாட இவளுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஆறு வருடத் தலைச்சுமையை இசக்கித்தாய் அதுவரை யாரிடமும் செலவழித்ததில்லை. அன்றைக்கு ஒரு பொய்க்காகச் செலவழித்தாள்.

“என்ன போடலாம் அப்போ?”

“வெறும் எண் போடு. பிழை பதினேழு. எந்த எண்ணுக்கு என்னன்னு ஒரு பட்டியல் அடிச்சுக் கங்காணிக்குக் கொடுத்துருவோம். அவன் பாத்துக்கிடுவான். விஷயம் நமக்குள்ள இருக்கும், அவளுக்கும் மானம் போவாது.”

“நீங்க சொன்னா சரிதாங்கக்கா” என்றான். சாயங்காலமே மாற்றிவிட்டான். மாற்றக் குறிப்பில் அவன் பெயரும், ‘தொழிலாளர் கண்ணியம் கருதி வாசகம் சுருக்கப்பட்டது’ என்ற ஒரு வரியும் இருந்தன. மற்ற முப்பத்தொன்பது வாசகங்களை அவள் தொடச் சொல்லவில்லை. அந்த ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதைத்தான் அந்தப் பெண் மனப்பாடம் செய்திருந்தாள்.

அன்று வீட்டுக்குப் போகும்போது தலையிலிருந்து பெட்டியை இறக்கின மாதிரி இருந்தது. அவள் அதை ரசித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

*

பத்தொன்பது நாள் கழித்து, பங்குனியில், மரியபுஷ்பத்துக்கு வயிற்றுப்போக்கு. கொட்டகையில் சுருண்டு படுத்துவிட்டாள். சுடலைவடிவு இரண்டு பட்டையையும் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள்.

பதினொரு மணிக்கு லிங்கதுரையின் போன் “பிழை பதினேழு. நிரல் நின்றது” என்றது. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எண்களின் பட்டியல் கொட்டகைச் சுவரில்தான் ஒட்டியிருந்தது. அதன்மேல் ஆணியடித்து யாரோ சட்டை மாட்டியிருந்தார்கள். சட்டை விலகியிருந்தாலும் மூக்குக்கண்ணாடி இல்லாமல் லிங்கதுரையால் அதை வாசித்திருக்க முடியாது. நின்றுபோன மிஷினை எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். அணைத்துவிட்டு மறுபடி போட்டார். ஒரே துடிப்பா என்று உறுதிசெய்ய நிரலுக்குப் பத்து நிமிடத் தரவு வேண்டும். பத்து நிமிடம் ஓடியது. மறுபடி பதினேழு. மறுபடி அணைத்துப் போட்டார்.

ஐந்து தடவை.

ஆறாவது தடவை போன் கத்துவதற்குள் சுடலைவடிவு குவித்துவைத்த உப்பு அம்பாரத்தின் சரிவில் முகம் குப்புற விழுந்திருந்தாள். பெட்டி உப்பு அவள்மேலேயே கொட்டியிருந்தது. தூக்கியவர்கள் உடம்பு அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது என்றார்கள்.

சாகவில்லை. பன்னிரண்டாம் நாள் கண் விழித்தாள். நாக்கு குழறியது. எழுந்து நின்றால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் டம்ளரை வாய்வரை கொண்டுபோவதற்குள் பாதி சிந்தியது. மூளையின் பின்பகுதி வெந்துவிட்டது, இனி இப்படித்தான் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு பெண்பிள்ளைகள்.

*

விசாரணைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற டாக்டர் ஞானசெல்வி. கணினி தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். “எனக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்க தம்பி. நின்னது நிரல். அப்புறம் எப்படி அந்தப் பொண்ணு விழுந்தா?”

ரெக்ஸ்லின் எழுந்து நின்றான். இரண்டு வாரத்தில் இளைத்திருந்தான்.

“ஜோடி சுமக்கிற உப்பை நிரல் ரெண்டாப் பிரிக்கும் மேடம். பட்டை ரெண்டு, அதனால ஆளும் ரெண்டுன்னு எடுத்துக்கும். அன்னைக்கு ஒருத்தியே ரெண்டு பேர் சுமையச் சுமந்தா. நிரல், ரெண்டு பேர் ஆளுக்குப் பாதி சுமக்கறாங்க, இன்னும் ஒரு மணி நேரம் தாங்குவாங்கன்னு கணக்குப் போடும். அந்தத் தப்பு நடக்காம இருக்கத்தான் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு அசர்ட். ரெண்டு பட்டையிலயும் ஒரே துடிப்பு இருந்தா நின்னுரும்.”

“நின்னுச்சு இல்ல?”

“நின்னுச்சு. ஆனா நின்னா மட்டும் போதாது மேடம். ஏன் நின்னேன்னு சொல்லணும். சொல்லலைனா, பாக்குறவங்களுக்கு அது வெறும் பழுதான மிஷின்.”

லிங்கதுரையைக் கூப்பிட்டார்கள். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே பேசினார். “மொதல்ல அது பேசும்மா. நெழல்ல உக்கார வை, தண்ணி குடுன்னு சொல்லும். நான் செய்வேன். ரெண்டு தடவ செஞ்சிருக்கேன், வேணும்னா அந்தப் பிள்ளைகளக் கேளுங்க. அன்னைக்குப் பதினேழுன்னு சொல்லிட்டு வாய மூடிக்கிடுச்சு. பதினேழுன்னா எனக்கு என்னத்தத் தெரியும்?”

டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். “வாசகத்தை எடுத்தது யாரு?” கண்ணாடிக்கு மேலாக இசக்கித்தாயைப் பார்த்தார். “நீங்கதான மூத்தவங்க. உங்களுக்குத் தெரியுமா?”

இசக்கித்தாய் எழுந்தாள். இடுப்பு வலித்தது. “மாற்றக் குறிப்பில அவர் பேர்தான் இருக்கு மேடம்” என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ரெக்ஸ்லின் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஒரு விநாடி. பிறகு டாக்டரிடம், “ஆமா மேடம். நான் எடுத்த முடிவு. அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்னு நெனச்சேன்” என்றான்.

முடிந்து வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் அவளை நிறுத்தினான். இசக்கித்தாய் அடி வாங்கத் தயாராகத்தான் நின்றாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீங்க பயப்படாதீங்கக்கா” என்றான். “உங்க பேர நான் சொல்ல மாட்டேன். நீங்க அந்தப் பொண்ணுங்களுக்காகத்தான சொன்னீங்க. அவங்க மானத்துக்காக. உங்களையும் தூக்கிட்டாங்கன்னா அவங்களுக்காகப் பேச இந்த ஆபீஸ்ல வேற யாரு இருக்கா?”

அவன் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதும் அவளுக்குள் வந்தது பொறாமைதான். இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு முதுகை நேராக வைத்துக்கொண்டு நடக்க அவனுக்குத் தெரிந்திருந்தது.

*

ரெக்ஸ்லினை வேதாரண்யம் கிளைக்கு மாற்றினார்கள். பட்டைகளின் வரிசை எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுகிற வேலை. மூன்று வருடம் நிரலில் கை வைக்கக் கூடாது.

பதினேழாம் எண்ணுக்கு உடனே புது வாசகம் எழுதும்படி இசக்கித்தாய்க்கு உத்தரவு வந்தது. அவள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள். ‘இரண்டு பட்டைகளின் துடிப்பும் ஒத்திருப்பதால்…’ என்று தொடங்கி அடித்தாள். ஒன்பது முறை எழுதி அடித்தாள். எப்படி எழுதினாலும் அது ஓர் அதட்டலாகவோ அலுவலகச் சுற்றறிக்கையாகவோதான் வந்தது. கடைசியில் சுடலைவடிவு வரப்பில் நின்று ஒப்பித்ததை அப்படியே, ஒரு சொல் மாறாமல், அடித்துவைத்தாள். எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயரைக் கணினி தானாகவே போட்டுக்கொண்டது.

ஆனியில் முள்ளக்காட்டுக்குப் போனாள். மரியபுஷ்பத்துக்குப் புது ஜோடி போட்டிருந்தார்கள். ஜீப்பைப் பார்த்ததும் பெண்கள் பாத்தியிலிருந்து ஏறி வந்தார்கள்.

“மைனி, இப்ப பேசுதது நீங்க எழுதினதாமே! லிங்கதொர அண்ணாச்சி சொன்னாரு. நம்ம அளத்துல சுமந்த பிள்ளையாமே நீங்க!”

“சுமந்தவளுக்குல்லா தெரியும்” என்றாள் இன்னொருத்தி. “மொதல்ல தண்ணி குடுக்கச் சொல்லணும்னு.”

ஒரு பெண் தன் தண்ணீர்ப் பாட்டிலைத் துடைத்து அவளுக்கு நீட்டினாள். இசக்கித்தாய் வாங்கிக் குடித்தாள். இத்தனை நாள் எதற்காகப் பொருமினாளோ அது மொத்தமும் அவள் கைக்கு வந்திருந்தது. எடை குறையாமல் வந்திருந்தது.

மரியபுஷ்பம் மட்டும் தள்ளி நின்றாள். “நடுவுல இந்தப் பேச்ச எடுத்தானே ஒருத்தன், அவன் வெளங்குவானா மைனி?” என்றாள். “நான் கொட்டகைலதான் கெடந்தேன். அது அன்னைக்குப் பேசியிருந்தா என் காதுல விழுந்திருக்கும். நானே ஓடிப்போயிருப்பேன்.”

இசக்கித்தாய் பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

ஜீப் நகருக்குள் வரும்போது ரெக்ஸ்லின் போனில் கூப்பிட்டான். குரல் பழைய மாதிரியே இருந்தது.

“அக்கா, பழைய வாசகத்தையே திரும்பப் போட்டுட்டீங்களாமே. இங்க வேதாரண்யத்துலயும் வந்துருச்சு. நேத்து ஒரு பிள்ளைய அது காப்பாத்திச்சு.”

“ஆமா தம்பி.”

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்.” கொஞ்சம் தயங்கினான். “இப்ப அவங்க கூசலையா அக்கா?”

“பழகிட்டாங்க” என்றாள் இசக்கித்தாய்.

“நல்லதுக்கா” என்று சொல்லி வைத்துவிட்டான்.

‘அவர்கள் என்றைக்கும் கூசியதில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை.’ இந்த ஒரு வாக்கியத்தை இசக்கித்தாய் ரெக்ஸ்லினுக்குத் தர வேண்டும். சுடலைவடிவுக்கும் தர வேண்டும். இன்னும் தரவில்லை.